மூன்றாவது குற்றச்சாட்டு

ஆகஸ்ட் 10, 1959. திங்கள்

இன்றும் துறைக் கூட்டம். இன்றும் அந்த மனிதர் என்னை எல்லார் முன்னாலும் உரித்துத் தொங்கவிட்டார்.

நான் தயாரித்த வினாத்தாளில் ஏழாவது கேள்வி: "ஆணவ மலம் உயிரை மறைக்கும் முறையை விளக்குக." டாக்டர் கனகசபாபதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார்.

"அம்பலவாணன் சார், ஆணவம் இருக்கிற உலகம் ஒண்ணு, இல்லாத உலகம் ஒண்ணு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா, எதைப் பாத்து இது இன்னதுன்னு சொல்லுவீங்க?"

"அது பாத்து அறியுற விஷயமில்லை. அனுபவத்துல உணரணும்."

"சரி. உணரவே இல்லைன்னு ஒரு பையன் உண்மையா எழுதினா மார்க் உண்டா? இல்ல, உங்க நோட்ஸைத் திருப்பி எழுதினாத்தானா?"

இளைய விரிவுரையாளர்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள். பத்தொன்பது ஆண்டுகளாகச் சைவ சித்தாந்தம் கற்பிக்கிறவன் நான். நான்கு ஆண்டுகளுக்கு முன், துறைத் தலைவர் பதவி எனக்குத்தான் என்று பியூன் வரைக்கும் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், கல்கத்தாவிலிருந்து இவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். தூத்துக்குடிக்காரர். லண்டனில் பௌதிகம், வியன்னாவில் தத்துவம். அங்கே கணித மேதைகளும் விஞ்ஞானிகளும் வியாழக்கிழமைகளில் கூடிய ஒரு வட்டத்தில் கடைசி நாற்காலி இவருக்குக் கிடைத்ததாம். அங்கிருந்து இவர் கொண்டுவந்தது ஒரே ஒரு வரி. ஒரு வாக்கியம் மெய்யா பொய்யா என்று சோதிக்க வழி சொல்ல முடியாவிட்டால் அதற்குப் பொருளே கிடையாது. கணக்கும் தர்க்கமும் மட்டும் விதிவிலக்கு. இந்த ஒரு வரியை அரிவாள்போலப் பிடித்துக்கொண்டு எதிரே வருகிற எல்லாவற்றையும் வெட்டுகிறார். சிவன், சக்தி, உயிர், வினை, எதுவும் தப்பவில்லை.

பெயரைப் பாருங்கள், கனகசபாபதி! தில்லை அம்பலத்துக் கூத்தனின் பெயர். வைத்தவர்கள் அறிந்திருந்தால் வாயைப் பொத்தியிருப்பார்கள்.

ஆகஸ்ட் 12. புதன்

துறை அறை அலமாரியில் கரையான். என் புத்தகங்கள் பாதி போயின. கனகசபாபதி சட்டைக் கையை மடித்துக்கொண்டு அலமாரியை நகர்த்த வந்தார். நான் மறுமுனையைப் பிடித்தேன். நகர்த்திய வேகத்தில் சுவரில் மாட்டியிருந்த நடராசர் படம் விழுந்து கண்ணாடி உடைந்தது. அவர் குனிந்து எடுத்தார், தன் கைக்குட்டையால் தூசியைத் துடைத்தார், சுவரோரம் சாய்த்து வைத்தார். பக்தியால் அல்ல. கண்ணாடித் துண்டு யார் காலிலாவது குத்துமே என்று. அறையில் எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

ஆகஸ்ட் 13. வியாழன்

குடைக் கம்பி முறிந்துவிட்டது. சரிசெய்யக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 20. வியாழன்

ஒரு நல்ல செய்தி. ஊரில் பகுத்தறிவாளர் கூட்டத்துக்கு கனகசபாபதியைப் பேச அழைத்திருந்தார்கள். ஆள் கிடைத்தாரென்று மாலையெல்லாம் வாங்கி வைத்திருந்தார்களாம். மேடை ஏறி, "கடவுள் இருக்கிறார் என்ற வாக்கியத்துக்குப் பொருள் இல்லை" என்றதும் ஒரே கைதட்டல். அடுத்ததாக, "அதனால் கடவுள் இல்லை என்ற வாக்கியத்துக்கும் பொருள் இல்லை. இரண்டும் ஒரே ரகம்" என்றாராம். கூச்சல் எழுந்தது. மாலை போடாமலே அனுப்பிவிட்டார்கள். கோயிலும் வேண்டாம், கழகமும் வேண்டாம் என்றால் இந்த மனிதர் எங்கேதான் நிற்பார்?

இன்று ஆசிரியர் அறையில் நான் விடவில்லை. நேராகவே கேட்டேன். "சார், சோதிக்க முடியாத வாக்கியத்துக்குப் பொருள் இல்லைன்னு சொல்றீங்களே, இந்த வாக்கியத்தை எப்படிச் சோதிப்பீங்க?"

அவர் டீக்குவளையை வைத்தார்.

"முடியாது" என்றார். "நல்ல கேள்வி. எங்களை ரொம்ப நாள் தூங்கவிடாத கேள்வி. என் பதில் இதுதான்: அது தகவல் இல்லை, ஒரு தீர்மானம். இனிமே நான் இப்படித்தான் பேசப் போறேன், தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லமாட்டேன்னு எடுத்துக்கிட்ட முடிவு. நீங்களும் எடுக்கணும்னு கட்டாயம் இல்லை."

நான் ஜெயித்துவிட்டேன் என்று எல்லாரும் சொன்னார்கள். அவரும் அப்படித்தான் நினைத்ததுபோல் இருந்தது. அதுதான் எரிச்சல்.

ஆகஸ்ட் 27. வியாழன்

என் மனைவி ஆவுடையின் வருஷத் திவசம் நெருங்குகிறது. அக்கா பிரமு புரோகிதருக்குச் சொல்லிவிட்டாள். அக்கா கணவனை இழந்தபின் எங்களோடுதான் இருக்கிறாள். கடைசி நாட்களில் ஆவுடையைப் பார்த்துக்கொண்டதும் அவள்தான்.

போன வருஷம் ஆவுடைக்கு நெஞ்சில் சளியாகத் தொடங்கி ரத்தமாக வந்தது. மலையடிவாரத்துச் சாமியார் ஒரு மண்டலம் விபூதியும் கஷாயமும் கொடுத்து எத்தனையோ பேரைக் குணப்படுத்தியவர். ஆவுடைக்கும் அவர் மருந்துதான். நான் ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமல் கனகசபாபதி பேச்சில் நுழைந்தார்.

"குணமானவங்களை எண்ணுனீங்க. குணமாகாதவங்களை யாராவது எண்ணுனாங்களா?"

"எனக்கு நம்பிக்கை இருக்கு சார்."

"எது நடந்தா இந்த நம்பிக்கையை விடுவீங்க?"

"எது நடந்தாலும் விடமாட்டேன்" என்றேன். எல்லாரும் கேட்கத்தான் சொன்னேன்.

அதோடு விட்டாரா? மறுநாள் சைக்கிளில் வீட்டுக்கே வந்துவிட்டார். அவருடைய தம்பி முறையுள்ள ஒருவர் காசநோய் சானடோரியத்தில் டாக்டராம். ஒரு படுக்கை சொல்லிவைத்திருக்கிறாராம். புது ஊசி வந்திருக்கிறதாம். ஆவுடை கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். என் வீட்டுக் கூடத்தில், என் மனைவி முன்னால், என் நம்பிக்கையை மறுத்துப் பேச இவருக்கு என்ன உரிமை? காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மண்டலம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது ஆவுடை போய்விட்டாள். அவளுடைய விதி அவ்வளவுதான்.

துக்கம் கேட்க வந்தவர்களில் கனகசபாபதியும் இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கையைப் பிடித்துவிட்டுப் போனார். "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று அவர் சொல்லியிருந்தால் அங்கேயே அறைந்திருப்பேன். சொல்லாமல் போய்விட்டார். ஒரு வருஷமாகத் தினமும் அவர் முகத்தைப் பார்க்கிறேன். தினமும் சொல்லாமல் இருக்கிறார்.

செப்டம்பர் 2. புதன்

தபால் பெட்டியில் ஒரு உறையைப் போட்டேன். யாருக்கு என்று இங்கே எழுதத் தேவையில்லை.

குடை வந்துவிட்டது. கம்பியைச் சரியாகப் பொருத்தவில்லை.

செப்டம்பர் 7. திங்கள்

கல்லூரிச் செயலர் சங்கரமூர்த்தி அண்ணாச்சி அழைத்திருந்தார். மேஜைமேல் ஒரு மொட்டைக் கடிதம். எழுத்து இடக்கையால் எழுதியதுபோல் கோணலாக இருந்தது.

"படிச்சுப் பாரும்வே அம்பலவாணம்."

படித்தேன். மூன்று குற்றச்சாட்டுகள். ஒன்று, கடவுள் என்ற சொல் பொருளற்றது என்று கனகசபாபதி வகுப்பில் கற்பிக்கிறார். இரண்டு, கோயிலுக்குப் போவதை மாணவர்கள் முன் கேலி செய்கிறார். மூன்று, ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி துறை அறையில் நடராசர் படத்தைக் கீழே போட்டு மிதித்தார்.

"மொதல் ரெண்டையும் வச்சு ஒண்ணும் செய்ய முடியாது. அது அவரு பாடம்னு சொல்லிருவாரு" என்றார் செயலர். "ஆனா மூணாவது இருக்கே. மூணாவது போதும். கமிட்டியில எல்லாரும் சாமி கும்பிடுறவங்க."

"யார் எழுதினதுன்னு தெரியுமா அண்ணாச்சி?"

"எவன் எழுதினா என்ன? உண்மையா இல்லையா, அதுதான் கணக்கு. நீரு அன்னிக்கு அறையில இருந்தீரா?"

"அலமாரி நகர்த்தினோம்" என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. கேட்க விரும்பவில்லை என்று தோன்றியது.

செப்டம்பர் 10. வியாழன்

மாதத் தேர்வு விடைத்தாள் அறுபத்திரண்டு. கனகசபாபதியின் கையில் விசாரணை நோட்டீஸ் போய்விட்டது. ஆனாலும் மனிதர் வராந்தாவில் என்னைப் பார்த்து வழக்கம்போல் தலையசைக்கிறார்.

செப்டம்பர் 19. சனி

விசாரணை நடந்தது. செயலர், கல்லூரி முதல்வர், கமிட்டி வக்கீல் என மூன்று பேர் மேஜைக்குப் பின்னால். நான் சாட்சியாகச் சுவரோர நாற்காலியில். நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

செயலர் ஆரம்பத்திலேயே வெட்டினார். "வியன்னாவுல உங்க குருநாதரை அவரு மாணவனே சுட்டுக் கொன்னுட்டானாமே. உண்மைதானா?"

கனகசபாபதி முகம் முதல்முறையாக மாறியது. "உண்மை. முப்பத்தாறு ஜூன்ல. பல்கலைக்கழகப் படிக்கட்டுல. நான் மேல வகுப்புல அவருக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன்."

"அப்ப இந்தப் படிப்பைப் படிச்சவன் புத்தி எப்படிப் போகும்னு அங்கேயே தெரிஞ்சிருக்கு."

"அந்த ஊர்ப் பத்திரிகை சிலதும் இதையேதான் எழுதிச்சு. கொன்னவனைப் பாவம்னு எழுதி, செத்தவர்மேல குத்தம் சொல்லிச்சு. அதைப் படிச்சதுக்கப்புறம்தான் நான் ஊருக்குக் கப்பல் ஏறினேன்."

வக்கீல் தொண்டையைச் செருமினார். "முதல் குற்றச்சாட்டு. கடவுளுக்குப் பொருளில்லைன்னு சொன்னீங்களா?"

"கடவுள் இருக்கார், இல்லைங்கிற வாக்கியங்களுக்கு. சொன்னேன்."

"இரண்டாவது. கோயிலுக்குப் போறதைக் கேலி செஞ்சீங்களா?"

"இல்லை. தேவாரத்தைப் பாட்டாப் பாடுங்க, நானும் உட்கார்ந்து கேக்கிறேன்னு சொல்லியிருக்கேன். பாட்டு ஒரு மனசைக் காட்டுது. அதைத் தகவல்னு சொல்லி மார்க் போடாதீங்கன்னேன்."

"மூன்றாவது. படத்தை மிதிச்சீங்களா?"

"இல்லை. அலமாரியை நகர்த்தும்போது விழுந்தது. எடுத்துத் துடைச்சு வச்சேன். அறையில நாங்க ரெண்டே பேர்தான். அம்பலவாணன் சார் எதிர்ல நின்னாரு. அவரைக் கேளுங்க."

மூன்று தலைகளும் என் பக்கம் திரும்பின. அவரும் திரும்பினார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. அளவுகோலைப் படிக்கிற ஒருவர் எண் தெரியக் காத்திருப்பதுபோல் இருந்தது.

"நான் வாசல் பக்கம் திரும்பியிருந்தேன்" என்றேன். "சத்தம்தான் கேட்டது."

"ஆக, நீர் பாக்கலை" என்றார் செயலர்.

"பாக்கலை."

முதல்வருக்கு மனம் உறுத்தியிருக்க வேண்டும். நல்ல மனிதர், பயந்தவர். கனகசபாபதி பக்கம் சாய்ந்து கேட்டார்: "சார், அந்த அறையில ரெண்டே பேர்னு சொல்றீங்க. தேதியோட எழுதியிருக்கு. அப்ப இந்தக் கடிதத்தை யார் எழுதியிருப்பாங்கன்னு நினைக்கிறீங்க? சொல்லுங்க, அதையும் விசாரிப்போம்."

அவர் ஒரு பெயர் சொன்னால் போதும். கையெழுத்தை ஒப்பிடுவார்கள்; தபால் முத்திரையைப் பார்ப்பார்கள்.

கனகசபாபதி முதல்வர் பக்கம் திரும்பினார்.

"நினைக்கிறதுன்னா நிறைய நினைக்கலாம்" என்றார். "யாராவது ஜன்னல் வழியாப் பாத்திருக்கலாம். யாராவது சொல்லி யாராவது எழுதியிருக்கலாம். எழுதினதை நான் பாக்கலை. எனக்குத் தெரியாது. தெரியாததுக்கு ஒரு பேரைச் சொல்லமாட்டேன்."

"உங்க வேலை போயிரும் சார்" என்றார் முதல்வர்.

"தெரியும். அதைச் சோதிச்சுப் பாக்க வழி இருக்கு" என்று லேசாகச் சிரித்தார்.

என்ன திமிர்! காப்பாற்றிக்கொள்ள ஒரு சொல் போதும் என்று தெரிந்தும் வாயைத் திறக்காத திமிர். வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை. "ஏ தம்பி, என்ன ஆச்சு?" என்று அக்கா கேட்டாள். வெயில் என்றேன்.

செப்டம்பர் 21. திங்கள்

கனகசபாபதி பணிநீக்கம். நான் பொறுப்புத் துறைத் தலைவர். செயலர் கை குலுக்கினார். அறைச் சாவி இரண்டு. ஒன்று சரியாகத் திரும்பவில்லை.

செப்டம்பர் 27. ஞாயிறு

காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். துறைப் புத்தகங்கள் ஏதாவது அவரிடம் இருக்கிறதா என்று கேட்கத்தான் போனேன்.

பனியன் போட்டுக்கொண்டு புத்தகங்களை மரப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. கூடம் முழுக்க ஜெர்மன் மொழிப் புத்தகம். நாளை மறுநாள் கல்கத்தா ரயில்.

"துறைப் புத்தகம் ஏழு இருக்கு. தனியா வச்சிருக்கேன்" என்றார். ஸ்டூலைத் தட்டி உட்காரச் சொன்னார்.

நான் உட்காரவில்லை. "தெரிஞ்சும் ஏன் சொல்லலை?" என்றேன். அப்படித்தான் வாயிலிருந்து வந்தது.

"எனக்குத் தெரியாது."

"சும்மா நடிக்காதீங்க. அறையில ரெண்டு பேர். உங்களுக்குத் தெரியும்."

"ஊகம் இருந்துச்சு. ஊகம் வேற, தெரியுறது வேற." கையிலிருந்த புத்தகத்தைப் பெட்டியில் வைத்தார். "இப்பத்தான் தெரியுது."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் பெட்டியைக் கட்டக் கயிற்றைத் தேடினார்.

"கோபம் வரலையா உங்களுக்கு?"

"வருது. நாலு வருஷம் வேலை பாத்த இடம். ஐம்பத்தொரு வயசு. கல்கத்தாவுல ஒரு டுடோரியல் காலேஜ்ல பகுதிநேர வேலை. கோபம் வராம இருக்குமா?" குரல் உயரவில்லை. "ஆனா கோபம் வந்ததுனால எனக்குத் தெரிஞ்சது கூடிராது."

அப்போது நான் கேட்டேன். அதற்காகத்தான் போயிருந்தேன் என்று கேட்ட பிறகுதான் புரிந்தது.

"ஆவுடையை நீங்க சொன்ன இடத்துக்குக் கொண்டுபோயிருந்தா பிழைச்சிருப்பாளா?"

அவர் எழுந்து நின்றார்.

"அந்த வருஷம் அங்க அந்த ஊசி போட்டவங்கள்ல பத்துக்கு எட்டு பேர் நடந்து வீட்டுக்குப் போனாங்க. இது எண்ணிப் பாத்தது. உங்க மனைவி அந்த எட்டுல ஒருத்தரா, ரெண்டுல ஒருத்தரான்னு கேட்டா, அதைச் சொல்ல என்கிட்ட வழி இல்லை. யார்கிட்டயும் இல்லை. ஒரு தடவைதான் நடந்துச்சு."

"சும்மா, பிழைச்சிருப்பான்னு சொல்லிருங்களேன். இல்ல, எப்படியும் போயிருப்பான்னாவது சொல்லுங்க."

"ரெண்டுமே எனக்குத் தெரியாது, அம்பலவாணன்."

"சார்" இல்லாமல் பெயரைச் சொன்னது அன்றுதான். பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். "அன்னிக்கு நான் கிளம்பினதுக்கப்புறம் அவங்க உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

ஏழு புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 1. வியாழன்

திவசம் நடந்தது. புரோகிதர் அவசரப்பட்டார். ஆவுடை சிவபதம் அடைந்தாள் என்று அவர் சொன்னபோது, அதை எப்படிச் சொல்கிறீர் என்று கேட்க நா துடித்தது. அந்த மனிதரின் நோய் எனக்கும் தொற்றிவிட்டது. வாயைக் கடித்துக்கொண்டு பிண்டம் வைத்தேன்.

பிற்பகல் அக்கா இலைகளை எடுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அந்த சாரு நல்ல மனுசன்லா. வேலையை விட்டு எடுத்துட்டாவளாமே."

"உனக்கு என்ன தெரியும்?"

"எனக்கு என்ன தெரியும்? இங்க நடந்ததுதான் தெரியும்" என்று பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

அக்டோபர் 5. திங்கள்

கனகசபாபதியின் விஞ்ஞான தத்துவ வகுப்பு இன்று முதல் என்னுடையது. முப்பத்தெட்டு பேர். ஒருவர்கூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பாடக்குறிப்பை எடுத்துப் போயிருந்தேன். அதைத் திறக்கவில்லை. சுண்ணக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் எழுதினேன்: "பேராசிரியர் படத்தைக் கீழே போட்டு மிதித்தார்."

"இந்த வாக்கியத்துக்குப் பொருள் உண்டா?" என்றேன்.

முன்வரிசையில் வேலம்மாள் என்ற மாணவி எழுந்தாள். அவள் குரலில் வெறுப்பு இருந்தது. "உண்டு சார். சரியா தப்பான்னு சோதிக்க வழி இருக்கு."

"என்ன வழி?"

"அங்க இருந்தவங்களைக் கேக்கணும்."

"ரெண்டு பேர் இருந்தாங்க. ஒருத்தர் மிதிக்கலைன்னு சொல்லிட்டார்."

"அப்ப இன்னொருத்தரைக் கேக்கணும்."

"கேளு" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க பாத்தீங்களா சார்?"

"பாத்தேன். வாசல் பக்கம் திரும்பியிருக்கலை. அவர் மிதிக்கலை. குனிஞ்சு எடுத்து, தன் கைக்குட்டையால துடைச்சு வச்சார். கமிட்டியில பொய் சொன்னேன். அந்தக் கடிதத்தை இடது கையால எழுதினதும் நான்தான்."

பலகையை அழிக்காமல் வெளியே வந்தேன். வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே யாரோ அழுவதுபோல் கேட்டது. யார் என்று பார்க்கவில்லை.

அக்டோபர் 9. வெள்ளி

செயலர் கதவைச் சாத்திக்கொண்டு கத்தினார். "உமக்குப் பைத்தியமாவே பிடிச்சிருக்கு? பொண்டாட்டி திவசம் முடிஞ்ச கையோட புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு எழுதித் தாரேன், ஒரு வருஷம் லீவுல போரும். அந்த ஆள் திரும்பி வரமாட்டாரு. நான் விடமாட்டேன்."

லீவு வேண்டாம் என்று ராஜினாமாவை எழுதிக்கொடுத்தேன். நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, கையெழுத்திட்டு, கமிட்டி உறுப்பினர்கள் ஒன்பது பேருக்கும் ஒரு நகல் கல்கத்தாவுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். முதல்வர் மட்டும் ஆள் விட்டு, மறுவிசாரணை கேட்பதாகச் சொல்லியனுப்பினார். நடக்குமா, தெரியாது.

கனகசபாபதிமேல் எனக்கு இன்னும் கோபம்தான். ஒரு பொய்யை இரவல் கொடுத்திருக்கலாம். ஒரு வருஷம் அதன்மேல் படுத்துத் தூங்கியிருப்பேன்.

அவர் கேட்ட கேள்விக்கான பதிலை அந்த நகலின் அடியில் எழுதியிருக்கிறேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன். பக்கத்தில் இருந்து கேட்டவள் அக்கா.

அவர் சைக்கிள் தெருமுனை திரும்புமுன் ஆவுடை என் கையைப் பிடித்தாள். "அவுக சொல்லுத ஆஸ்பத்திரிக்குப் போவமா? எனக்கு இருக்கணும்போல இருக்கு" என்றாள்.

நான் வேண்டாம் என்றேன்.